வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால்

கோலாலம்பூருக்கு வேலை மாறி வந்து, பெட்டி பிரித்து, காண்டோ (அடுக்குமாடி) சமையலறையில் அரிசி டப்பாவுக்கு இடம் கண்டுபிடித்து, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒரு ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி) மையமும் தேடிப் பிடித்தால், முதல் நாளே சில பெற்றோர் காதில் விழுவது இதுதான்: "வீட்ல தமிழ நிறுத்திடுங்க. இங்கிலீஷ் மட்டும் போதும். பிள்ளை குழம்புது." 500-க்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் உள்ள நாடு, மின்னல் எஃப்எம் வானொலி நாளெல்லாம் தமிழில் பேசும் ஊர். இங்கே வந்தா இதைக் கேட்க வேண்டும்!

நிறுத்த வேண்டாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளில், இரண்டு மொழி கேட்டு வளர்ந்ததால் பேச்சு பின்தங்கியதாகத் தெரியவில்லை. தெரபி என்பது வாரத்தில் கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் வீடுதான். சரளமாக வராத மொழியில் பேசச் சொன்னால் அம்மாவின் பேச்சு "கம்", "சிட்", "நோ" என்று சுருங்கிவிடும். கொஞ்சலும் கதையும் போய் உத்தரவு மட்டும் மிஞ்சும்.

குழப்பம் இருப்பது வேறு இடத்தில். "தண்ணி வேணுமா? வாட்டர்? குடிக்கிறியா? சொல்லு, வாட்டர்!" ஐந்து நொடிக்குள் இத்தனையும். போதாததற்கு, வீட்டு வேலைக்கு இருக்கும் இந்தோனேசிய அக்கா "மாவ் ஆயர்?" என்று தன் மொழியில் தண்ணீர் வேணுமா என்பார். முதல் கேள்வி பிள்ளையின் தலைக்குள் இறங்கும் முன்பே அடுத்தது வந்து விழுகிறது. மொழி கலப்பது தப்பில்லை, அவகாசம் கொடுக்காததுதான் தப்பு.

டம்ளரில் ஒரே ஒரு வாய் தண்ணீர் ஊற்றுங்கள். நிறைய ஊற்றினால் மறுபடி கேட்க வாய்ப்பே வராது. பிள்ளையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, டம்ளரைக் காட்டி, "தண்ணி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். (பேசியே வளர்ந்த நமக்கு இதுதான் பெரிய தண்டனை.) டம்ளரைப் பார்ப்பது, கை நீட்டுவது, "த" என்பது, எல்லாமே கேட்டதாகத்தான் கணக்கு; உடனே கொடுத்துவிடுங்கள். ஒன்றுமே வரவில்லையா, "தண்ணி தா" என்று நீங்களே சொல்லிக்காட்டிக் கொடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று அடம்பிடித்தால் அழுகைதான் வரும். அடுத்த முறை டம்ளரைக் கண்டாலே ஓட்டம்.

ஊரில் என்றால் பெரியம்மா, மாடி வீட்டு மாமி, பூக்காரம்மா என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் இந்தத் "தா, தா"வைப் பாடமே நடத்தியிருப்பார்கள். இங்கே லிஃப்டில் ஏறினால் ஆளாளுக்கு மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பழகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். சாயங்கால மழை இடியோடு இறங்கி, பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போகும்போது, "அர்ஜுனா அர்ஜுனா" சொல்ல ஆச்சி பக்கத்தில் இல்லையே என்று ஆகிவிடுகிறது. காதை மூடும் ஹெட்ஃபோனை மழைக்கு முன்பே, வானம் கறுக்கும்போதே எடுத்து வையுங்கள். ஆச்சிக்கு வீடியோ கால் போட்டால், அவர் ஒரு பொருளைக் காட்டி ஒரு சொல் சொன்னால் போதும். "என்னைத் தெரியுதா, என் பேர் என்ன" என்ற விசாரணை வேண்டாம்.

எல்.ஆர்.டி. நகர ரயிலில் அடிக்கடி போகும் பிள்ளைகள் சிலர் "ஸ்தேசென் பெரிகுட்ஞா" (அடுத்த நிலையம்) என்று அறிவிப்புக் குரலை அச்சு அசலாக ஒப்பிப்பார்கள். அப்பாவுக்கு ஒரே பெருமை, பிள்ளை மலாய் பேசுகிறதாம்! அடக்காதீர்கள். எப்போது சொல்கிறது என்று கவனியுங்கள். செருப்புப் பக்கம் நின்று சொன்னால், பெரும்பாலும் வெளியே போகணும் என்றுதான் அர்த்தம். "கெளம்பலாம்" என்று பதில் சொல்லி, செருப்பைக் கையில் கொடுங்கள்.

மதிப்பீட்டுக்குப் போகும் முன், பிள்ளை சொல்லும் சொற்களை மொழி பார்க்காமல் ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் கேட்கவா, மறுக்கவா, பேர் சொல்லவா, எதற்குச் சொல்கிறது என்றும் பக்கத்தில் குறியுங்கள். ஆங்கிலத்தை மட்டும் எண்ணினால் இருக்கிற சொற்களில் பாதி கணக்கிலேயே வராது. தமிழ் தெரியாத தெரபிஸ்ட்டும் அந்தத் தாளை வைத்து வேலை செய்யலாம். எல்.ஆர்.டி. வாக்கியத்தையும் அதில் சேர்த்துவிடுங்கள்.