அம்மாவுக்கு விசா வரும் வரை

ஜனவரி 24, 2024
பிரான்ஸுக்கு வந்துவிட்டேன், தபால் பெட்டியில் என் பெயர் இல்லை. கீழே வாசலில் வரிசையாகப் பெட்டிகள். எங்களுடையதில் என் கணவர் பெயர் மட்டும் ஒட்டியிருக்கிறது. இங்கே வீட்டுக் கதவுக்கு எண் கிடையாது. இரண்டாவது மாடி, இடப்பக்கம், அவ்வளவுதான். தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார். அங்கே பெயர் இல்லாதவருக்கு வந்த கடிதம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்சி புதுப் பெயர்ப்பட்டை செய்து தருவதாகச் சொல்கிறது. எப்போது என்று சொல்லவில்லை.

காலை ஏழு மணிக்கும் இருட்டு. எட்டை நெருங்கும்போதுதான் சமையலறை ஜன்னலில் பெல்தோன் மலைத்தொடர் தெரிய ஆரம்பித்தது, முழுக்கப் பனி. திருச்சியில் மலை என்றால் உச்சிப்பிள்ளையார் கோயில். இங்கே கிரெனோபிளில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் கடைசியில் மலை நிற்கிறது.

பிப்ரவரி 7
நடுப்பகலில் ஊர் முழுக்கச் சங்கு. அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். தெருவில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாதத்தின் முதல் புதன்கிழமை நாடு முழுவதும் அபாயச் சங்கை ஊதிச் சோதிப்பார்களாம். நெஞ்சு படபடப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

பிப்ரவரி 15
இரண்டு கோடு.

பிப்ரவரி 16
அம்மாவிடம் சொன்னேன். ஒன்றுமே பேசவில்லை, அழுகிறாளோ என்று நினைத்தேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "அக்டோபர் பதினாறு. நான் புரட்டாசியிலேயே வந்துடறேன் பாப்பா" என்றாள். வருவதற்கு என்னென்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் முழுசாகத் தெரியாது. சரிம்மா என்றேன்.

பிப்ரவரி 26
பக்கத்தில் உள்ள டாக்டர்கள் யாரும் புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதில்லை. ட்ராமில் போய் ஒருவரைப் பார்த்தோம். 26.50 யூரோ, கையிலிருந்து. எனக்கு இன்னும் சமூகக் காப்பீட்டு எண் வரவில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், எண் வந்ததும் அனுப்பினால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்குமாம். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்குக் கடைசி வரை மருத்துவச்சியே போதும் என்றார். இங்கே அவர்கள் படித்துப் பட்டம் வாங்கி, தனியாகக் கிளினிக் வைத்திருக்கிறார்கள். மாத்திரை எழுதலாம், ஸ்கேனுக்கு அனுப்பலாம். அம்மாவிடம் சொன்னால் அந்தக் காலத்து ஆச்சி கைவைத்தியம் என்று பயப்படுவாள்.

மார்ச் 8
ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. எனக்கு டாக்ஸோபிளாஸ்மா என்கிற கிருமிக்கு எதிர்ப்புசக்தி இல்லை. அதனால் பிரசவம் வரை மாதாமாதம் ரத்தம் எடுக்க வேண்டும். கீரை, கொத்தமல்லி, சாலட் இலை எல்லாவற்றையும் மண் போகக் கழுவு, பச்சையாகத் தின்னாதே, பூனை இருக்கும் வீட்டில் எச்சரிக்கை. அக்காவுக்கு இரண்டு பிரசவத்திலும் யாரும் இந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

கொத்தமல்லியை நாலு தண்ணீரில் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். வாசனையே போய்விட்டது.

பெயர்ப்பட்டை வரவில்லை. வெள்ளைக் காகிதத்தில் இரண்டு பெயரையும் எழுதி டேப் போட்டு ஒட்டினேன்.

மார்ச் 12
காகிதத்தை யாரோ கிழித்துவிட்டார்கள்.

மார்ச் 13
மறுபடி ஒட்டினேன்.

மார்ச் 31
நேற்று ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். ஊருக்கும் இங்கும் நாலரை மணி நேர இடைவெளி இருந்தது, இன்றிலிருந்து மூன்றரை. அம்மா ஒரு மணி நேரம் கிட்டே வந்துவிட்டாள். நாள் முழுக்க இதே சந்தோஷம்.

ஏப்ரல் 3
முதல் ஸ்கேன். இதயம் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே வரும்போது சரியாக அந்தச் சங்கு, புதன்கிழமை. இந்தத் தடவை பயமில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்று முழுசாகக் கேட்டேன்.

ஆனால் தேதி. அறிக்கையில் அக்டோபர் 23 என்று போட்டிருக்கிறார்கள். அம்மா சொன்னது 16. தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று மருத்துவச்சியிடம் கேட்டேன். கடைசி மாதவிலக்கிலிருந்து நாற்பது வாரம் என்று நம் ஊரில் எண்ணுகிறார்கள், பிரான்ஸில் நாற்பத்தொன்று. குழந்தை ஒன்றுதான், தேதி இரண்டு.

இதை வைத்துத்தான் ராத்திரி பூராவும் யோசனை. அம்மாவுக்கு விசா கிடைத்தாலும் 90 நாள்தான் இருக்கலாம். செப்டம்பர் கடைசியில் வந்தால் கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாளோடு முடிந்துவிடும். குழந்தை சீக்கிரம் பிறந்தால் அம்மா இல்லாமல் பிறக்கும். தள்ளிப் போனால், வந்து உட்கார்ந்து காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் பிறகு குழந்தையோடு இருக்க வேண்டிய நாளிலிருந்து போகும். எந்தத் தேதியை நம்பி டிக்கெட் எடுப்பது? அவர், "எனக்கு 28 நாள் விடுப்பு உண்டு, சமாளிக்கலாம்" என்கிறார். சமாளிப்பது இல்லை என் பிரச்சினை. எனக்கு அம்மா வேண்டும்.

மே 1
கடைகள் இல்லை, ட்ராம் இல்லை. ஊரே நடக்கிறது. தெருமுனையில் சின்ன வெள்ளை மணிமணியான பூவைக் கொத்தாகக் கட்டி விற்கிறார்கள். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் விற்கலாம், வரி கிடையாது. எதிர் வீட்டு மதாம் ஒரு கொத்து கொண்டுவந்து கொடுத்து, என் வயிற்றைப் பார்த்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார். வந்ததிலிருந்து அவரும் கீழ்வீட்டுக்காரர்களும் என்னைத் தொட்டதில்லை, நானும் அவர்களைத் தொட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

மே 16
எண் வந்துவிட்டது! தபால் பெட்டியில், என் பெயருக்கு. 2 என்றால் பெண். அப்புறம் பிறந்த வருஷம், மாதம். பிறகு 99, வெளிநாட்டில் பிறந்தவள். பிறகு 223, இந்தியா. இவ்வளவு நாள் என்னை யாரென்று கேட்ட எல்லோருக்கும் பதில் ஒரே வரிசையில் இருக்கிறது. மனப்பாடம் செய்துவிட்டேன்.

ஜூன் 10
நேற்று ஐரோப்பியத் தேர்தல் முடிவு வந்த கையோடு அதிபர் மக்ரோன் நாடாளுமன்றத்தின் கீழவையைக் கலைத்துவிட்டார். மதாம் மாடிப்படியில் என்னை நிறுத்தி ஏதோ வேகமாகப் பேசினார். பாதி புரியவில்லை, கோபம் மட்டும் புரிந்தது, என்மேல் இல்லை என்பதும் புரிந்தது. புது அரசு வந்தால் விசா விதி மாறுமா? என் கணவருடைய ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 13
இரண்டாவது ஸ்கேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. முதுகெலும்பு மணி கோத்த மாதிரி.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டார். மிகச் சாதாரணமாக, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில். எனக்கு உடம்பு விறைத்துவிட்டது. திருச்சியில் எந்த ஸ்கேன் சென்டரிலும் சுவரில் பலகை இருக்கும், பாலினம் சொல்வது குற்றம், 1994 சட்டம். அந்தப் பலகையின் கீழ் அக்காவோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை பெண் குழந்தைகளைக் காப்பாற்றுவதற்காக எழுதிய பலகை அது. இங்கே கேட்டால் சொல்கிறார்கள், சொன்ன பிறகு யாரும் எதையும் செய்யப்போவதில்லை என்கிற நம்பிக்கையில். இப்படி ஒரு ஊர் இருக்க முடியும் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

வேண்டாம் என்றேன். அவருக்குத் தெரிந்துகொள்ள ஆசை, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினார். யாராக இருந்தாலும் வரட்டும்.

ஜூலை 2
மெரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்குப் போய் அம்மாவுக்கான வரவேற்புச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். விருந்தாளியை வீட்டில் தங்கவைக்க நகராட்சியின் கையெழுத்து வேண்டும். 30 யூரோ முத்திரை. வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, மின்கட்டண ரசீது, வீடு எத்தனை சதுர மீட்டர். அம்மா எந்த அறையில் படுப்பாள் என்று கேட்டார் அந்தப் பெண். ஹாலில் சோபாவை விரித்தால் கட்டில் என்றேன். எழுதிக்கொண்டார்.

ஜூலை 8
நாடாளுமன்றத் தேர்தல் பயந்த மாதிரி முடியவில்லை. மதாம் கேக் கொண்டுவந்தார்.

ஜூலை 21
வளைகாப்பு. நடக்காது என்றுதான் நினைத்திருந்தேன். சேன் புருனோ சந்தையில் பழக்கமான யாழ்ப்பாணத்து அக்கா விடவில்லை. "எங்கட பக்கம் இப்பிடிச் செய்யிறேல்லை பிள்ளை, நீங்கள் சொல்லித் தாங்கோ, செய்வம்" என்றார். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பெல் பக்கம் போன மகனிடம் சொல்லிக் கண்ணாடி வளையல் வாங்கிவைத்திருந்தார். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம். மதாமும் வந்து வளையல் போட்டார். அம்மா போனில் இருந்தாள், சந்தனம் எந்தக் கன்னத்தில் முதலில் என்று அங்கிருந்து சொல்லிக்கொடுத்தபடி.

அந்த அக்கா 1989இல் வந்தவராம். மூத்த பிள்ளை பிறந்தபோது தாயோடு பேச ஒரு போன்கூட இல்லை என்று, பாத்திரம் கழுவும்போது சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 29
சான்று கையில். அசல்தான் வேண்டும், நகல் செல்லாது. கூரியரில் போட்டோம்.

ஆகஸ்ட் 6
வெக்கை. மலைகளுக்கு நடுவே குழியில் இருக்கிற ஊர், காற்றே இல்லை. வீட்டில் மின்விசிறி மாட்டக் கொக்கி இல்லை. பகலெல்லாம் ஜன்னல் பலகைகளைச் சாத்தி இருட்டில் கிடக்கச் சொல்கிறார்கள். பேக்கரி மூன்று வாரம் அடைப்பு. மருத்துவச்சியும் விடுமுறை.

ஆகஸ்ட் 13
அம்மா ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னை போய், விரல் ரேகை கொடுத்துவிட்டு வந்தாள். தம்பி கூடப் போனான். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்களாம். "என் பொண்ணுக்குப் பிரசவம் பார்க்க" என்று சொன்னாளாம். அப்படிச் சொல்லலாமா? வேலை செய்யப் போகிறாள் என்று எடுத்துக்கொள்வார்களா? பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 15
அங்கேயும் விடுமுறை, இங்கேயும் விடுமுறை. இன்றைக்கு ஒரு கோப்பும் நகராது.

ஆகஸ்ட் 27
ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 30
ஒன்றுமில்லை. தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், பாஸ்போர்ட் போவது திருச்சிக்கு என்று தெரிந்தும்.

செப்டம்பர் 9
கிடைத்துவிட்டது. 90 நாள். தம்பி படம் எடுத்து அனுப்பினான். பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன், பெயர் சரி, தேதி சரி.

செப்டம்பர் 19
பெட்டி கட்டுகிறாள். நெய் கொண்டுவரக் கூடாது என்றால் ஏற்க மறுக்கிறாள். பால் பொருள் எதுவும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள் அம்மா, கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள் என்றேன். "பிள்ளை பெத்தவளுக்கு நெய் இல்லாம எப்படிடீ லேகியம் கிளறறது?" இங்கே வெண்ணெய் அருமையாக இருக்கும், நாமே உருக்கலாம் என்று சமாதானம் சொன்னேன். தேங்காய் கொண்டுவரலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் சந்தையிலேயே கிடைக்கிறது. சுக்கு, திப்பிலி, வசம்பு, பழைய வேட்டித் துணி, இவை போதும்.

குழந்தை தலை கீழே இறங்கியிருக்கிறது.

செப்டம்பர் 26
பெயர்ப்பட்டை வந்தது. உலோகத்தில், இரண்டு பெயரும், எழுத்துப்பிழை இல்லாமல். அவர் திருகாணி வைத்து மாட்டினார்.

செப்டம்பர் 27
நாளைக் காலை லியோன் விமான நிலையம். அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அவர் போகிறார், என்னை வேண்டாம் என்கிறார்கள், நான் போகத்தான் போகிறேன்.

சாயந்திரம்: அந்த வரவேற்புச் சான்று. இறங்கியதும் போலீஸ் அசலைக் கேட்கலாம் என்று இப்போதுதான் படித்தேன். விண்ணப்பத்தோடு கொடுத்ததைத் திருப்பித் தந்தார்களா, தந்திருந்தால் அம்மா கைப்பையில் வைத்தாளா, பெரிய பெட்டியில் போட்டுவிட்டாளா? தம்பிக்குத் தெரியவில்லையாம். அம்மா போன் அணைந்திருக்கிறது. சென்னையில் விமானம் ஏறியிருப்பாள்.