விடுபட்ட பாதி

“ஞாயித்துக்கிழமை எங்கம்மா போவீங்க?”

சாதிச் சான்றிதழ் மனுவை விசாரிக்கப் போன ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) நான். படிவத்தில் இல்லாத கேள்வி. சுவரில் வேளாங்கண்ணி மாதா படம் இருந்ததால் கேட்டேன். (அதே படம் என் வீட்டிலும் இருந்தது.) மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்டிருந்தார் அந்த அம்மா.

“சர்ச்சுக்குத்தான் சார். அவருக்கு உடம்பு முடியாமப் போனதுலேர்ந்து போறோம். ஆடியில மாரியாத்தாவுக்குக் கூழும் ஊத்துவோம்.”

“கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றுவதாக விசாரணையில் தெரியவருகிறது” என்று அறிக்கை எழுதினேன். கூழ் அதில் இல்லை. மனு நிராகரிக்கப்பட்டது.

சட்டப்படி சரி என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். விரும்பிய மதத்தைப் பின்பற்ற அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு உரிமை தருகிறது. ஆனால் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி (எஸ்.சி.) என்றால் இந்துவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டோரம் செருப்பு தைத்த, கிறிஸ்தவராக மாறிய சூசை, மற்ற தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகத் தந்த பங்க் (பெட்டிக்கடை) தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அதே ரோடு, அதே ஊசி. வேறென்ன ஆதாரம் காட்டுவார் மனிதர்? சரி, உச்ச நீதிமன்றமே அப்படிச் சொன்ன பிறகு ஒரு ஆர்.ஐ. என்ன செய்ய முடியும்?

ஆனால் சர்ச்சுக்குப் போவது வேறு, மதம் மாறுவது வேறு. ஞானஸ்நானம் வாங்கினீர்களா என்று நான் கேட்கவே இல்லை. கிளினிக் சுவரில் சிலுவை இருந்ததை வைத்து ஒரு பெண் மருத்துவரின் எஸ்.சி. சான்றிதழை ரத்து செய்தது செல்லாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதிகாரிகளின் குறுகிய மனதையும் கண்டித்தது. என்னைத்தான் திட்டுகிறார்கள் என்று தோன்றியது. 2024இல் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது: ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவர், சலுகைக்காக மட்டுமே தன்னை இந்து என்கிறார் என்று மனுவைத் தள்ளியது. அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன்.

கூழை ஏன் விட்டேன்? இரண்டையும் எழுதியிருந்தால் தாசில்தார் “தெளிவான பரிந்துரை தேவை” என்று திருப்பியிருப்பார். அதற்குள் அட்மிஷன் தேதி போயிருக்கும். அவர்களுக்காகத்தான் சீக்கிரம் முடித்தேன் என்று ஒருநாள் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.

“அவங்களுக்காகவா?” என்று மட்டும் கேட்டாள்.