சண்டித்தனமும் அடிபாடும்

“அவன் சந்தியில நிண்டு சண்டித்தனம் விடுறான்” என்று தமிழ்நாட்டு வாசகர் ஒருவரிடம் சொன்னால், ஏதோ பிடிவாதம் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றே விளங்கிக்கொள்வார். அங்கே சண்டி மாடு என்பது இழுக்க மறுத்துப் படுத்துக்கொள்ளும் மாடு. ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிளும் சண்டித்தனம்தான் பண்ணும். திருகோணமலையில் அந்தச் சொல் இவ்வளவு சாதுவானதல்ல. கையை ஓங்கி, பின்னால் நிற்கிற ஆட்களைக் காட்டி, சத்தம் போட்டு, தன் எண்ணத்துக்கு ஊரை ஆட்டிவைக்கப் பார்ப்பதுதான் இங்கே சண்டித்தனம். (சண்டி இலை வறை வேறு கதை. அது மூட்டு நோவுக்கு நல்லதென்று சமைப்பது.)

ஒரு அடிகூட விழாமலே சண்டித்தனம் நடக்கும். மீன் ஏலத்தில் கேட்ட விலைக்கு மேலே இன்னொருவர் கேட்கக்கூடாதென்று முறைப்பதும், பஸ்ஸில் வரிசையைத் தள்ளிக்கொண்டு ஏறிவிட்டு “என்ன இப்ப?” என்று திரும்பிப் பார்ப்பதும் அதுதான். சேர்ந்து வரும் வினைகளைப் பாருங்கள்: சண்டித்தனம் காட்டுவான், விடுவான், செய்வான். எல்லாவற்றிலும் செய்கிறவன் ஒரு பக்கத்தில்தான் நிற்கிறான், மற்றவர் வாங்கிக்கட்டுகிறவர். “ரெண்டு பேரும் ஆளுக்காள் சண்டித்தனம் பட்டாங்கள்” என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டு பக்கமும் கை நீட்டினால் அதற்கு அடிபாடு, அடிபிடி. வினை அடிபடுதல். இதிலும் கடல் தாண்டினால் குழப்பம்தான். “நேற்று அவன் அடிபட்டவன்” என்றால் சென்னையில் காயம் எங்கே என்று கேட்பார்கள், இங்கே யாரோடு என்று கேட்பார்கள். வேறுபாட்டைக் காட்டுவது உருபு. “அவனோட அடிபட்டவன்” என்றால் சண்டை; “பஸ்ஸில அடிபட்டவன்” என்றால் விபத்து, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதான்.

அடிபாட்டுக்கு முன்னால் வருகிற சொற்கள்தான் ருசியானவை. சும்மா இருக்கிறவனைச் சீண்டுவது தனகுதல். “தம்பி, அவையோட போய்த் தனகாத” என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் அடிபாட்டுக்குக் கொஞ்ச நேரம் முந்தித்தான். தனகலுக்கு மற்றவன் வாய் திறந்து பதில் சொன்னவுடன் கொழுவல் தொடங்கிவிடும். கொழுவுதல் என்றால் கொக்கியில் மாட்டுவது. ஒருமுறை கொழுவினால் இலேசில் கழராது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அதே விஷயம் பத்திரிகைக்குப் போனால் வாய்த்தர்க்கம் ஆகிவிடும். “வாய்த்தர்க்கம் முற்றிக் கைகலப்பாக மாறியது” என்ற வசனத்தை அச்சுக்கோத்தே வைத்திருப்பார்கள் போல. தெருவில் நின்று “கைகலப்பு நடக்குது, ஓடி வாங்கோ” என்று கூப்பிடுகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. இடையில் புகுந்து பிரிப்பதற்கு விலக்குப் பிடித்தல் என்று பெயர், முதல் அடி அநேகமாக அவருக்குத்தான்.

ஆளைக் குறிக்கும் சொல்லிலும் கவனம் வேண்டும். சண்டைக்காரன் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிறவன். அவனுக்குப் பயப்பட வேண்டியதில்லை, அலுத்துப்போகும், அவ்வளவுதான். சண்டியன் என்பவன் அடிக்காமலே காரியம் பார்க்கிறவன். ஊர்ச் சண்டியன், சந்திச் சண்டியன் என்று இடத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம், ஏனென்றால் அந்த இடத்துக்கு வெளியே அவனுக்கு மதிப்பில்லை. ‘அர்’ போட்டுச் ‘சண்டியர்’ என்றால் ஒன்றில் கேலி, இல்லையென்றால் செல்லம். நாலு வயதுப் பிள்ளை கோபத்தோடு வந்து நின்றால் “எங்கட சண்டியர் வந்திட்டார்” என்பார்கள். வெறும் சேட்டைக்குக் குழப்படி என்ற சொல் தனியே இருக்கிறது.

சண்டிக்கட்டு என்பதையும் சொல்லவேண்டும். சாரத்தின் (லுங்கியின்) கீழ்விளிம்பை முழங்கால் மட்டத்துக்குத் தூக்கி, இரண்டாக மடித்து, இடுப்பில் செருகிக் கட்டுவது. பெயர் அப்படி வந்தாலும் கட்டியவரெல்லாம் சண்டியர் ஆகார். திருக்கடலூர்க் கரையில் வலை இழுக்கிறவரும் சேற்று வயலில் இறங்குகிறவரும் அப்படித்தான் கட்டவேண்டும். பெரியவர் ஒருவரோடு பேசும்போது அவிழ்த்து விடுவது மரியாதை. பேசிக்கொண்டிருக்கும்போது மடித்துக் கட்டத் தொடங்கினால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

பெரிய அளவில் நடந்தவற்றுக்குச் சொல் தேடும்போது இந்த ஒருபக்கம், இருபக்கக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. 1983 யூலையை ‘ஆடிக் கலவரம்’ என்று எழுதப் பழகிவிட்டோம். கலவரம், மோதல் என்றால் இரண்டு கூட்டம் மோதிக்கொண்டதாகத்தான் காதில் விழும். வீட்டுக்குள் இருந்தவரைத் தேடி வந்து அடித்து, வீட்டைக் கொளுத்தியதற்கு அது பொருந்துகிற சொல்லாக எனக்குப் படவில்லை. காடையர், காடைத்தனம் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைத் தமிழில் இருந்தவை ஓரளவுக்குப் பரவாயில்லை, செய்தவன் யார் பக்கம் என்பதையாவது அவை மறைக்கவில்லை.

பொலிசில் முறைப்பாடு கொடுக்கும்போது இதே கணக்குக் கையில் உதவும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் சண்டித்தனம் என்ற பெயரில் குற்றம் ஒன்றும் இல்லை. பொது இடத்தில் இரண்டு பேரோ அதற்கு மேலோ அடிபட்டு அமைதியைக் குலைத்தால் அது தனிக் குற்றம். அதில் அடிபட்ட எல்லோரும் எதிரிகள், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்கள். ஐந்து பேரோ கூடவோ ஒரே தீய நோக்கத்தோடு கூடினால் சட்டவிரோதக் கூட்டம். எலும்போ பல்லோ உடைந்தால் சாதாரண காயம் பாரதூரமான காயமாகிவிடும். ஆகவே “சண்டித்தனம் விட்டான்” என்று நிறுத்தாமல், எத்தனை மணி, எந்த இடம், எந்தக் கையால் அல்லது எந்தப் பொருளால், உடம்பில் எங்கே அடித்தான், வெருட்டும்போது வாயால் என்ன சொன்னான் என்று அவன் சொன்ன சொல்லையே சொல்லுங்கள். தூசணமாக இருந்தாலும் மாற்றவேண்டாம்.

முறைப்பாட்டை எழுதுகிற பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதினால் இன்னொரு இக்கட்டு. ‘சண்டியா’ என்ற சொல் சிங்களத்திலும் உண்டு, நாம் சொல்கிற பொருளில்தான். ஆனால் வாக்குமூலத்தில் ‘ரண்டுவ’ என்று விழுந்துவிட்டால் அது சண்டை, இரண்டு பேருக்கும் இடையில் நடந்தது. அடி வாங்கியவர் அடிபடப் போனவர் ஆகிவிடுவார். தமிழும் அரசகரும மொழி, வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். முடியாதென்றால், வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டு, அந்த ஒரு சொல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.