பைக் பார்ட்ஸில் லேசர் வேலை: ரிசர்வாயர் மூடியில் தொடங்கி கிளட்ச் கவர் வரை

மெஷின் 30 வாட் மோபா (துடிப்பின் நீளத்தை மாற்றக்கூடிய வகை) ஃபைபர் லேசர், அலைநீளம் 1064 நானோமீட்டர். லென்ஸ் இரண்டு: 110 மி.மீ. சதுரப் பரப்புக்கு ஒன்று, 175 மி.மீ. சதுரத்துக்கு இன்னொன்று. மென்பொருள் லைட்பர்ன். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த அமைப்புக்கானவை. வேறு மெஷினில் இவற்றைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்படியே போட்டால் வராது.

சிஓ2 லேசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் கதிர் வெற்று உலோகத்தில் பட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் வளர்க்கும் ஆக்சைடு அடுக்கு) சாயத்தை அழகாக வெளுக்கும், பவுடர் கோட்டிங்கை (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிய பூச்சு) எரித்து எடுக்கும். நீல டயோடு லேசரும் ஏறக்குறைய அதே கதைதான். அலுமினியத்தைக் குடைய வேண்டுமென்றால்தான் ஃபைபர் தேவை.

முதலில் அது என்ன பொருள் என்று பார்க்க வேண்டும்

செட்டிங் கேட்டு அலைவதற்கு முன்னால் கையிலிருக்கும் பார்ட் எதனால் ஆனது, மேலே என்ன பூச்சு இருக்கிறது என்று தெரிய வேண்டும். பாதி வேலை கெடுவது இதைப் பார்க்காமல் விடுவதால்தான். பார்வைக்கு வெற்று அலுமினியம் போலிருக்கும் வெள்ளி நிற இன்ஜின் கவரில் பெரும்பாலும் நிறமற்ற லாக்கர் அடித்திருப்பார்கள். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, இரண்டு முனையையும் அழுத்தாமல் மேலே தொட்டுப் பாருங்கள். ஒலி வரவில்லையென்றால் பூச்சு உண்டு. கறுப்பு பார்ட் என்றால், பஞ்சில் தின்னர் நனைத்து உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில் தேயுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் பெயின்ட். வரவில்லையென்றால் பெரும்பாலும் பவுடர் கோட்டிங் அல்லது அனோடைசிங். அனோடைசிங்கில் அடியிலுள்ள மெஷினிங் கோடுகள் அப்படியே தெரியும். பவுடர் கோட்டிங் அவற்றை மூடி, விளிம்புகளை உருண்டையாக்கிவிடும்.

மெக்னீசியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சில பைக்குகளில் வால்வு கவர், கிளட்ச் கவர் மெக்னீசியத்தில் வரும். அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது; ஊற்றினால் இன்னும் மோசமாகும். பூச்சில்லாத உள்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து, லேசாகச் சுரண்டி, ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மெக்னீசியம். அலுமினியத்தில் அப்படிப் பொங்காது. மெக்னீசியம் என்று தெரிந்தால் அந்த பார்ட்டை லேசருக்குக் கீழே வைக்கக் கூடாது.

ரெக்சின் சீட் கவரும் அதே பட்டியல்தான். அது பெரும்பாலும் பிவிசி; எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலும் கெடும், மெஷினின் இரும்புப் பாகங்களும் துருப்பிடிக்கும். குரோம் பூசிய இரும்பு பார்ட்டும் வேண்டாம். அலங்கார குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன்தான். துருவைத் தடுப்பது அதன் அடியிலுள்ள நிக்கல். லேசர் இரண்டையும் தாண்டி இரும்பைத் தொட்டால், ஒரு மழைக்காலத்தில் எழுத்து முழுக்கத் துருவாகிவிடும். குரோம் புகை உடம்புக்கும் கேடு.

தொடக்கூடாத இடங்கள்

ஃபோர்க் குழாய், டிரிபிள் கிளாம்ப், ஹேண்டில்பார், ஆக்சில், ஸ்விங்ஆர்ம், ஃபுட்பெக், வீல் ரிம், பிரேக் காலிப்பர், பிரேக் டிஸ்க் எதிலும் குடையும் வேலை கிடையாது. குடைந்த பள்ளத்தின் அடியில் உருகி உறைந்த மெல்லிய படலம் இருக்கும்; அதில் நுண்விரிசல்கள் இருக்க வாய்ப்புண்டு. மறுபடி மறுபடி சுமை ஏறி இறங்கும் பார்ட்டில் விரிசல் அங்கிருந்துதான் வளரத் தொடங்கும். எஃகுக்காவது ஒரு அளவுக்குக் கீழான சுமையை எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும் எல்லை உண்டு; அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லையும் கிடையாது. அலுமினிய பார்ட்டில் “கொஞ்சம்தானே” என்ற சமாதானம் செல்லாது.

சேசிஸ் எண், இன்ஜின் எண் உள்ள இடத்தின் அருகில்கூடப் போக வேண்டாம். அதைத் திருத்தியதாகத் தெரிந்தால் அலங்காரம் என்று சொல்லித் தப்ப முடியாது.

எந்த பார்ட்டையும் பைக்கிலிருந்து கழற்றித்தான் வேலை செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி ஒரு காரணம். குடைந்த தூள் பேரிங்கிலும் கேபிளிலும் போய் உட்காருவது இன்னொன்று.

ரிசர்வாயர் மூடி, பார் எண்ட்

தொடங்குவதற்கு ஏற்றது பிரேக் ரிசர்வாயர் மூடி. தட்டையானது, சிறியது, கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். கழற்றி வைத்த நேரமெல்லாம் ரிசர்வாயரைத் திறந்து போடக் கூடாது. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதனால் தனியாக ஒரு அலுமினிய மூடி வாங்கி அதில் வேலை செய்வதுதான் சரி.

கறுப்பு அனோடைஸ் மூடியில் பவர் 35 சதவீதம், வேகம் நொடிக்கு 1800 மி.மீ., அதிர்வெண் 50 கிலோஹெர்ட்ஸ், ஹேட்ச் இடைவெளி (பரப்பை நிரப்ப லேசர் போடும் கோடுகளுக்கு இடையிலான தூரம்) 0.04 மி.மீ., ஒரே பாஸ் (ஒருமுறை ஓட்டுவது). நல்ல வெள்ளை வந்தது. இங்கே நடப்பது குடைவது இல்லை. ஆக்சைடு அடுக்கின் நுண்துளைகளில் இருக்கும் சாயம் மட்டும் எரிந்து போகிறது, அடுக்கு அப்படியே நிற்கிறது. நகத்தால் தடவினால் எழுத்து தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் பவர் அதிகம். ஆக்சைடு உடைந்து வெற்று அலுமினியம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். பவரை ஏற்றினால் இன்னும் வெளுக்கும் என்று தோன்றும். ஓரளவுக்கு மேல் சாம்பல் நிறத்துக்குத்தான் திரும்பும்.

மூடியில் பெயின்ட் நிரப்பும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். டாட் 3, டாட் 4 திரவம் ஒரு சொட்டு பட்டாலே சாதாரண எனாமல் உரிந்துவிடும். வெளுத்த எழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

பார் எண்டில் (ஹேண்டில்பாரின் முனையில் மாட்டும் உருளை) பிரச்சினை வளைவு. 50 மி.மீ. விட்டமுள்ள உருளையின் பக்கவாட்டில் 10 மி.மீ. அகலத்துக்கு எழுதினால் ஓரம் அரை மி.மீ. தாழ்ந்திருக்கும், சிறிய லென்ஸ் அதைத் தாங்கும். அதையே 20 மி.மீ. அகலமாக்கினால் ஓரம் 2 மி.மீ.க்கு மேல் இறங்கிவிடும். நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் வரும். நடுவையும் ஓரத்தையும் விட்டுவிட்டு, இடைப்பட்ட உயரத்தில் ஃபோகஸ் வைத்தால் இழப்பு இரண்டு பக்கமும் பாதியாகும். அதுவும் போதாத இடத்தில் பார்ட்டைச் சுழற்றும் ரோட்டரிதான் வழி.

கிளட்ச் கவர்

உண்மையான வேலை இதில்தான். எடுத்தது பவுடர் கோட்டிங் அடித்த கறுப்பு கவர். அடியில் டைகாஸ்ட் (அச்சில் அழுத்தி வார்த்த) அலுமினியம், வெளிப்பக்கம் லேசான குமிழ் வடிவம்.

கழற்றுவதற்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது. கவர் மேல் காகித மாஸ்கிங் டேப் ஒட்டி, பைக்கை சைடு ஸ்டாண்டில் இல்லாமல் நேராக நிறுத்தி, ரசமட்டம் வைத்து ஒரு படுக்கைக் கோடும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடும் பென்சிலால் போட வேண்டும். கவரின் போல்ட் துளைகள் எதுவும் தரைக்கு இணையாக இருப்பதில்லை. மேஜையில் வைத்துக் கண்ணளவில் நேராக்கிய எழுத்து, பைக்கில் மாட்டியதும் சரிந்து நிற்கும்.

கழற்றியதும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, கெரசினில் கழுவி, கடைசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் புகை கரியாகப் படியும். எண்ணெய் பார்க்கும் கண்ணாடி, ரப்பர் சீல் ஏதாவது இருந்தால் கழற்றிவிடுங்கள். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் டேப் ஒட்டி மூடுங்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் எண்ணெய் கசியும்.

கவரை உட்கார வைக்க ஒரு பலகையில் மூன்று போல்ட்டுகளைத் திருகி, அவற்றின் தலைமேல் வைத்தோம். எந்த போல்ட்டைத் திருகினாலும் அந்தப் பக்கம் உயரும் என்பதால், எழுத்து வரும் இடத்தின் நடுவை லென்ஸுக்கு நேராகத் திருப்புவது எளிது. நாலு கால் வைத்தால் ஒன்று ஆடும்.

பிறகு டேப்பின் மேலேயே மிகக் குறைந்த பவரில் டிசைனின் வெளிக்கோட்டை மட்டும் ஓட்ட வேண்டும். டேப் பழுப்பாகும், கவரில் எதுவும் படாது. பென்சில் கோட்டோடு ஒப்பிட்டு நகர்த்திக்கொள்ளலாம். சிவப்பு வழிகாட்டி ஒளியை மட்டும் நம்பினால் அரை மி.மீ., ஒரு மி.மீ. தள்ளி விழுவது சகஜம். உயரம் மாறும் பரப்பில் அந்த விலகல் இடத்துக்கு இடம் மாறும். இடம் உறுதியானதும் டேப்பை உரித்துவிட வேண்டும். டேப்போடு சேர்த்து எரித்தால் அதன் பசை கோட்டிங்கில் ஒட்டிக்கொள்ளும்.

குமிழின் ஆரம் சுமார் 200 மி.மீ. நடுவிலிருந்து 20 மி.மீ. தள்ளிப் போனால் பரப்பு 1 மி.மீ. இறங்குகிறது, 28 மி.மீ.யில் 2 மி.மீ. ஆகிறது. ஆகவே டிசைனை இரண்டு வளையங்களாக வெட்டி, நடு வட்டத்தை அரை மி.மீ. கீழே ஃபோகஸ் வைத்தும், வெளி வளையத்தை ஒன்றரை மி.மீ. கீழே வைத்தும் ஓட்டினோம். வெட்டு விழும் இடம் எழுத்துகளுக்கு இடையில் உள்ள வெற்றிடமாக இருக்கட்டும். எழுத்தின் குறுக்கே விழுந்தால் தையல் போட்ட மாதிரி கோடு தெரியும்.

பவுடர் கோட்டிங் பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் தடிமன். அதை எடுக்க பவர் 70 சதவீதம், வேகம் 1200, அதிர்வெண் 35 கிலோஹெர்ட்ஸ், ஹேட்ச் 0.05, நான்கு பாஸ், ஒவ்வொரு பாஸுக்கும் ஹேட்ச் கோணத்தை 45 டிகிரி திருப்பி. ஒரே கோணத்தில் ஓட்டினால் அடியில் வரிவரியாகக் கோட்டிங் மிஞ்சும். முதல் பாஸ் முடிந்ததும் பழுப்புக் கரி மூடியிருக்கும். அதைப் பார்த்து பவரை ஏற்ற வேண்டாம். துடைத்துவிட்டு அடுத்த பாஸ் ஓட்டினால் போதும். வெள்ளை, வெளிர் நிறக் கோட்டிங் வேறு மாதிரி நடந்துகொள்ளும். 1064 நானோமீட்டர் கதிர் அதில் சரியாக உறிஞ்சப்படாமல் ஊடுருவி, அடி உலோகத்தைச் சுட வைத்து, கோட்டிங்கைக் கீழிருந்து செதில் செதிலாகப் பெயர்க்கும். எழுத்தின் விளிம்பு எலி கடித்தது போல ஆகிவிடும். அதற்கு பவரைக் குறைத்து, பாஸ்களைக் கூட்டுவதுதான் வழி.

இந்த நிலையிலேயே வெள்ளி எழுத்து கறுப்பில் நன்றாகத் தெரியும். இத்தோடு நிறுத்துவதானால் மேலே வெப்பம் தாங்கும் நிறமற்ற லாக்கர் அடித்தே ஆக வேண்டும். வெற்று அலுமினியத்தின் விளிம்பில் ஈரம் புகுந்தால், கோட்டிங்குக்கு அடியில் புழு ஊர்ந்தது போல அரிப்பு பரவும்.

பெயின்ட் நிரப்புவதற்கு இன்னும் ஆழம் வேண்டும், இலக்கு 0.2 மி.மீ. கவரின் சுவர்த் தடிமனை முதலில் உள்பக்கமிருந்து காலிப்பரில் அளந்துகொள்ளுங்கள். 3 மி.மீ.க்குக் குறைந்த இடத்தில் இதைச் செய்ய வேண்டாம் என்பது எங்கள் கணக்கு. பவர் 90 சதவீதம், வேகம் 600, அதிர்வெண் 40 கிலோஹெர்ட்ஸ், ஹேட்ச் 0.03. ஒரு பாஸ் சில மைக்ரான்தான் எடுக்கும். நாற்பது பாஸ் ஓடினாலும் ஆச்சரியமில்லை. ஐந்து பாஸுக்கு ஒருமுறை பவர் 25 சதவீதம், வேகம் 2000, அதிர்வெண் 80 கிலோஹெர்ட்ஸில் ஒரு துப்புரவு பாஸ். அதை விட்டால் உருகிய துகள்கள் பள்ளத்தின் ஓரத்தில் மேடாக உறைந்து, அடுத்த பாஸின் கதிரை மறைக்கும். பத்து பாஸுக்கு ஒருமுறை நிறுத்திக் கவரை ஆற விடுங்கள். கையால் தொட முடியாத சூட்டில் கோட்டிங்கின் விளிம்பு மஞ்சளடிக்கும்.

டைகாஸ்ட் அலுமினியத்தில் சிலிக்கான் அதிகம். அதனால் பள்ளத்தின் அடி பளபளக்காது, சாம்பலாகத்தான் வரும். வார்ப்பில் அடைபட்ட காற்றுக் குமிழிகள் இருந்தால் ஊசிமுனைத் துளைகளாகத் திறக்கும். பெயின்ட் நிரப்பும் இடத்தில் இரண்டுமே பாதகமில்லை. சொரசொரப்பு பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.

நிரப்ப இன்ஜின் எனாமல், 150 டிகிரிக்கு மேல் தாங்குவதாக டப்பாவில் எழுதியிருக்க வேண்டும். நைலான் பிரஷ்ஷால் பள்ளத்தைத் துலக்கி, ஆல்கஹாலில் கழுவி, காய்ந்ததும் சிரிஞ்சு ஊசியால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எழுத்தின் மிக மெல்லிய கோடு 0.3 மி.மீ.க்குக் குறைந்தால் பெயின்ட் உள்ளே இறங்காமல் மேலே பாலம் கட்டிவிடும். அதை டிசைன் போடும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பெயின்ட் மேல்பக்கம் தோல் கட்டியதும், ஒரு தடிமனான அட்டையில் பருத்தித் துணியை இழுத்துச் சுற்றி, மினரல் டர்பன்டைன் தொட்டு, பரப்பின் மேலாக ஒரே திசையில் இழுத்துத் துடையுங்கள். துணியை விரலில் சுற்றித் துடைத்தால் விரல் பள்ளத்துக்குள் அழுந்திப் பெயின்ட்டை அள்ளிவிடும். அசிட்டோன் வேண்டாம், கோட்டிங்கின் பளபளப்பு போகும். காயும்போது பெயின்ட் சுருங்கி உள்வாங்கும். இரண்டாம் முறை நிரப்ப வேண்டியிருக்கும்.

புகை, தூள், கண்

பாதுகாப்புக் கண்ணாடியில் 1064 நானோமீட்டருக்கு ஓடி (கதிரை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) 6 அல்லது அதற்கு மேல் என்று பொறித்திருக்க வேண்டும். சிஓ2 லேசருக்கான கண்ணாடி இதற்கு உதவாது. பளபளப்பான குமிழ்ப் பரப்பு கதிரை எந்தத் திசைக்கும் தெறிக்கும் என்பதால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் கண்ணாடி தேவை. அலுமினியத் தூள் பறக்கும்போது தீப்பற்றக்கூடியது; புகை உறிஞ்சியின் ஃபில்டரில் அலுமினியத் தூளும் துருப்பிடித்த இரும்புத் தூளும் சேரவிடாமல் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

அடுத்து

கவரைப் புதிய கேஸ்கெட்டோடு மாட்டும்போது, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். டார்க் அளவைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். எம்6 போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு எழுத்தின் விளிம்புகளை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பெயின்ட் சரியாகக் காயாமல் இருந்தால் அங்கேதான் முதலில் தூக்கும்.

வரிசையில் அடுத்து இருப்பது கிளட்ச் லிவர். அனோடைஸ் சாயத்தை வெளுப்பதோடு சரி, குடைவது கிடையாது. அதுவும் விரல் பிடிக்கும் நுனிப் பாதியில் மட்டும். வளைக்கும் விசை பிவட் பக்கம்தான் அதிகம், அந்தப் பாதியில் எதுவும் எழுதப் போவதில்லை.