உளவியல் ஆய்வுக்கு நெறிமுறைக் குழு அனுமதி: நான் பட்ட பாடு

எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டை ஒருவழியாகக் கட்டி ஒப்படைத்துவிட்டேன். தலைப்பு தேடியது, பழைய கட்டுரைகளைப் புரட்டியது, கடைசியில் கணினியில் புள்ளிவிவரம் போட்டது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். இடையில், மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி என்கிற நெறிமுறைக் குழு இருக்கிறதே, அங்கேதான் பருவத்தின் பெரும்பகுதி கரைந்தது. அடுத்த ஆண்டு அதே வாசலில் நிற்கப் போகிறவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவைக்கிறேன்.

விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவிகளின் தனிமை உணர்வு, தோழிகளோடும் வீட்டாரோடும் உள்ள உறவு, வாழ்க்கையில் அவர்களுக்கு இருக்கும் திருப்தி ஆகியவைதான் என் ஆய்வுப் பொருள். வினாத்தாள் கொடுத்து நிரப்பி வாங்குவதோடு சரி. ஊசி இல்லை, மருந்து இல்லை. “இதற்கெல்லாம் கமிட்டியா?” என்று வகுப்பில் பாதிப் பேர் கேட்டார்கள். ஆமாம், இதற்கும்தான். ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களில் சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தின் அளவைப் பார்த்து விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை என்று மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். விரைவுப் பரிசீலனையில் முடிந்துவிடும் என்றுதான் நானும் என் நெறியாளரும் கணக்குப் போட்டோம். மாணவர்கள் ‘மாட்டேன் என்றால் என்ன ஆகுமோ’ என்று பயந்தே சம்மதிக்கக்கூடியவர்கள், ஆகவே முழுக் குழுவுக்குப் போகட்டும் என்று குழுவின் உறுப்பினர் செயலர் குறிப்பு எழுதிவிட்டார்.

எங்கள் துறைக்குத் தனிக் குழு கிடையாது. அதே வளாகத்தில் உள்ள மருத்துவக் கல்லூரியின் குழுவிடம்தான் போக வேண்டும். அவர்களுடைய விண்ணப்பமும் மருத்துவ ஆய்வுக்காகத் தயாரித்தது. ஆய்வு மருந்தின் பெயர், மருந்தளவு, திசு மாதிரிகளைச் சேமிக்கும் இடம் என்று பக்கம் பக்கமாகக் கட்டங்கள். எங்களுக்குச் சம்பந்தமில்லாதவற்றைக் காலியாக விட்டிருந்தோம். அலுவலகத்தில் இருந்தவர் முதல் பக்கத்தைத் தாண்டவேயில்லை.

“என்னம்மா, இந்தக் கட்டம் காலியாக இருக்கிறதே?”

“மருந்தே கிடையாது சார்.”

“கிடையாது என்று எழுதினால்தானே கிடையாது என்று அர்த்தம்?”

பதில் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ‘பொருந்தாது’ என்று எழுதிக்கொண்டு மறுபடி போனேன். இந்த முறை, பங்கேற்கும் மாணவிகள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் இல்லை என்று திருப்பினார். அதற்கும் அடுத்த முறை நெறியாளரின் தன்விவரக் குறிப்பில் கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை. இவற்றையெல்லாம் ஒரே நாளில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு குறையைக் கண்டதும் கோப்பை மூடிவிடுவது அவர் வழக்கம் போலிருக்கிறது. சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. தலைகீழாகத் தெரிந்ததை நானாகப் பார்த்துக் கேட்ட பிறகுதான் நகல் கிடைத்தது. முதல் நாளே அதைக் கேட்டு வாங்குங்கள். பதிப்பு எண் விஷயம் வெறும் சடங்கில்லை. குழு திருத்தம் சொன்னால் படிவம் மாறும். எந்தப் படிவத்துக்கு அனுமதி கிடைத்தது என்பதற்கு அந்த எண்தான் அத்தாட்சி.

அடுத்த சிக்கல் விடுதி இருந்த கல்லூரியில். அது வேறு கல்லூரி. ‘ஆய்வு நடத்தும் இடத்தின் முதல்வரிடம் அனுமதிக் கடிதம் வாங்கிவந்தால்தான் விண்ணப்பத்தை எடுப்போம்’ என்றது குழு அலுவலகம். ‘குழுவின் அனுமதி இல்லாமல் எங்கள் பிள்ளைகளிடம் யாரையும் விட மாட்டோம்’ என்றது அந்தக் கல்லூரி. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை (உளவியல் மாணவி சொல்லக்கூடாத பழமொழிதான், ஆனால் வேறு எதுவும் பொருந்தவில்லை). இரண்டு இடத்துக்கும் மாறி மாறி அலைந்த பிறகு என் நெறியாளர் ஒரு வழி சொன்னார். ‘நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டு அனுமதிக்கிறோம்’ என்ற வாசகத்தோடு கடிதத்தை நாமே தட்டச்சு செய்து கொண்டுபோக வேண்டும். முதல்வர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். இந்த ஒரு வரி முன்பே தெரிந்திருந்தால் ஒரு மாதப் பஸ் காசு மிஞ்சியிருக்கும்.

அளவுகோல்களுக்கான, அதாவது தனிமை, திருப்தி போன்றவற்றை அளக்க மற்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய கேள்வித் தொகுப்புகளுக்கான அனுமதியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எது இலவசம், எது காசு என்று தலைப்பு முடிவாகும் முன்பே பாருங்கள். டீனரும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோலில் 5 கூற்றுகள்தான். பெயர் குறிப்பிட்டால் போதும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தனிமைக்கு யு.சி.எல்.ஏ. அளவுகோலின் மூன்றாம் வடிவம்: 20 கூற்றுகள், அவற்றில் 9 தனிமைக்கு எதிர்த்திசையில் கேட்பவை, ஆகவே தலைகீழாக மதிப்பிட வேண்டியவை. மதிப்பெண் கூட்டும்போது அந்த ஒன்பதையும் திருப்பிப் போடாவிட்டால் நம்பகத்தன்மைக் குறியீடு (கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) பரிதாபமாக வரும். உங்கள் தரவுதான் மோசம் என்று நினைத்து அழாதீர்கள். நட்புறவு பற்றி நான் முதலில் தேர்ந்த வேறோர் அளவுகோலின் உரிமையாளர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலே வரவில்லை. காத்திருந்து காத்திருந்து கடைசியில் அதைக் கைவிட்டேன். தமிழ் வடிவம் இல்லாதவற்றுக்கு ஒருவர் தமிழாக்கி, அதைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்க வேண்டும். இருவரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டும். எனக்கு இது சிரமமில்லாமல் முடிந்தது.

குழுக் கூட்டம் ஒருமுறை தள்ளிப்போனது. குறைந்தது 5 உறுப்பினர்களாவது வந்தால்தான் கூட்டம் நடக்கும். அன்று வெளியிலிருந்து வர வேண்டியவர்கள் வரவில்லை. காலையிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அதைச் சொன்னார்கள். கூட்டத் தேதி தெரிந்ததும் முந்தின நாள் மாலை ஒருமுறை தொலைபேசியில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

கூட்டம் நடந்தபோது என் முறை சில நிமிடங்கள்தான். புள்ளியியல் பேராசிரியர் மாதிரி அளவை, அதாவது எத்தனை பேரிடம் வினாத்தாள் கொடுக்கப் போகிறேன் என்பதைக் கேட்டார். ‘போன வருடம் எல்லோரும் 120 எடுத்தார்கள்’ என்பது பதிலாகாது. நடுத்தர அளவு தொடர்பு, அதாவது 0.3 இருக்கும் என்று வைத்துக்கொண்டு, 5 விழுக்காடு முக்கியத்துவ நிலை (இல்லாத தொடர்பை இருப்பதாகச் சொல்லிவிடும் அபாயம்), 80 விழுக்காடு திறன் (இருக்கும் தொடர்பைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்று ஜி-பவர் மென்பொருளில் போட்டால் ஏறத்தாழ 85 பேர் வரும். அதற்கு மேல், பாதியில் விடுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் திரையின் அச்சுப் பிரதி கையில் இருந்ததால் தப்பித்தேன்.

பிறகு ஓர் உறுப்பினர் சாதாரணமாகக் கேட்டார்: “முதலாம் ஆண்டு மாணவிகளும் உண்டா?” உண்டு என்றேன். “அவர்களில் பலருக்கு 17 வயதுதானே?” 18 முடியாதவர்கள் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அதோடு அந்தப் பிள்ளையின் இசைவும் எழுத்தில் வேண்டும். விடுதிப் பிள்ளைகளின் பெற்றோர் எங்கெங்கோ இருக்கிறார்கள். முதலாம் ஆண்டை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். விடுதிக்குப் புதிதாக வந்தவர்களின் தனிமைதான் ஆய்வின் உயிர் என்று நினைத்திருந்தேன். அது போனது இன்னமும் வருத்தம்தான். முதலாம் ஆண்டைத் தொடுகிறவர்கள் ஜூலையிலேயே பெற்றோர் படிவத்தைத் தயார் செய்துகொண்டு, சேர்க்கைக்காகப் பெற்றோர் நேரில் வரும் நாளைப் பிடியுங்கள்.

மனநல மருத்துவர் கேட்டதுதான் கனமான கேள்வி. மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்வி அளவுகோலை வைத்திருந்தேன். அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. “ஒரு பெண் அதில் ‘தினமும்’ என்று குறித்தால் என்ன செய்வாய்? பெயர் எழுத வேண்டாம் என்று நீயே சொல்லியிருக்கிறாய். தேடிப் போகவும் முடியாது.” நெறியாளரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அலுவலகத்தின் மீது எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் இந்தக் கேள்விக்காகக் குழுவைக் கையெடுத்துக் கும்பிடலாம். அந்த அளவுகோலை எடுத்துவிட்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நல்வாழ்வு அளவுகோலை வைத்தோம். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்பதை நேர்மறையாகவே கேட்கும். கூட்டி வந்த மதிப்பெண்ணை 4-ஆல் பெருக்கினால் 100-க்குக் கணக்கு வந்துவிடும். அதிலும் குறைந்த மதிப்பெண் கவனிக்க வேண்டியதுதான் என்று மருத்துவர் விடவில்லை. ஆகவே தகவல் தாளின் அடியில், கிழித்து எடுத்துப்போகும்படி ஒரு துண்டு: 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்கிற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 எண், தமிழிலும் பேசலாம் என்ற குறிப்பு, கல்லூரி ஆலோசகரின் அறை எங்கே என்பது. அது எல்லோருக்கும் போகும்.

குழுவில் இருந்த வழக்கறிஞர் கடைசியாக ஒன்று சொன்னார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கும், வினாத்தாளில் பெயர் இருக்காது. இரண்டையும் சேர்த்துக் குத்தி வாங்காதே, தனித்தனிப் பெட்டியில் போடச் சொல். இதற்காக ஒரு திருத்தப் பதிப்பு, மறுபடி அலுவலகம், மறுபடி நகல்கள். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன்.

இந்த இழுபறியில் பொறுமை இழந்த வகுப்புத் தோழி ஒருத்தி, அனுமதி எப்படியும் வந்துவிடும் என்று தரவு சேகரித்துவிட்டாள். முன்தேதியிட்டு அனுமதி தரவே முடியாது என்று குழு கறாராகச் சொல்லிவிட்டது. நிரப்பிய தாள்கள் அத்தனையும் வீண். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கடிதம் கைக்கு வந்த வாரமே விடுதிக்குப் போனேன். இரவுச் சாப்பாடு முடிந்த உணவுக்கூடம், நீள மேசைகள், துடைத்த ஈரம் காயாததால் தாள்கள் ஓரத்தில் நனைந்தன. நான் வாய் திறப்பதற்கு முன்னால் வார்டன் அறிவித்தார்: “எல்லோரும் ஒழுங்காக நிரப்பிக் கொடுங்கள். கொடுக்காதவர்களுக்கு இந்த வாரம் அவுட்பாஸ் கிடையாது.” அவர் எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்திருக்க வேண்டும். நான் பையிலிருந்து அனுமதிக் கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். “மேடம், விருப்பம் இருந்தால் மட்டும்தான் நிரப்ப வேண்டும். கட்டாயம் என்றால் நான் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இதில் அப்படித்தான் இருக்கிறது.” அவர் முத்திரையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

விலகிக்கொள்ளலாம், அதனால் எந்தப் பாதிப்பும் வராது என்ற பத்தியை உரக்கப் படித்தேன். சிறிது நேரம் யாரும் அசையவில்லை. பின்வரிசையில் ஒருத்தி எழுந்து தட்டைக் கழுவப் போவதுபோல் நழுவினாள். அவளைப் பார்த்து ஒரு மேசை முழுவதும் எழுந்தது. ஜி-பவர் சொன்ன எண் மனதில் ஓடியது; பொய் சொல்லவில்லை, வயிற்றைக் கலக்கியது. மிச்சமிருந்தவர்கள் நிதானமாக நிரப்பினார்கள். ஒருத்தி கேட்டாள்: “அக்கா, வார்டன் மேடம் இதைப் படிப்பாரா?” இரண்டு பெட்டிகளையும் காட்டினேன். பேனாவின் மூடியைத் திறந்தாள்.

கிளம்பும்போது வார்டன் கூப்பிட்டார். “யார் யார் ரொம்பத் தனிமையில் இருக்கிறார்கள் என்று பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் போ. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” எனக்கே தெரியாது என்றேன். நம்பவில்லை. வினாத்தாள் கட்டைப் பிரித்து அவர் முன்னாலேயே வைத்தேன். ஒரு பெயர், ஒரு பதிவு எண் கிடையாது. “பிறகு எதற்கு இந்த ஆய்வு?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. முந்தைய ஆண்டு ஒரு மாணவி யாரிடமும் சொல்லாமல் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாளாம்; அது அவரை உறுத்திக்கொண்டிருந்தது. பெயர் கொடுக்க முடியாது, இதை ஒட்ட முடியும் என்று மிஞ்சிய உதவி எண் துண்டுகளைக் கொடுத்தேன். மறுமுறை போனபோது அறிவிப்புப் பலகையில், மெஸ் கட்டண நிலுவைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டாவது சுற்றில் எண்ணிக்கை தேறியது. எழுந்து போன மேசையிலிருந்து சிலரும் தாமாகவே வந்திருந்தார்கள்.

வாய்மொழித் தேர்வு நன்றாகவே போனது. அதற்கு முன், ஆய்வேட்டில் பிறர் எழுத்தின் நகல் எவ்வளவு என்று மென்பொருளில் பார்க்கும் ஒற்றுமைச் சோதனைக்கு ஒரு குறிப்பு: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை பிரச்சினை இல்லை. ஆனால் பின்னிணைப்பில் உள்ள வினாத்தாள்களையும் சேர்த்து அனுப்பினால் மென்பொருளுக்கு அவையும் நகல்தான். பின்னிணைப்பை நீக்கிவிட்டு அனுப்பலாமா என்று நூலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

ஆய்வேட்டைக் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று குழுவை மறந்துவிடாதீர்கள். நிறைவு அறிக்கை ஒன்று தர வேண்டும். என் நெறியாளரிடம் எனக்கு முன் ஆய்வு செய்த ஒருவர் அதைத் தராமலே போய்விட்டார். அந்த நிலுவையைக் காட்டித்தான் என் விண்ணப்பத்தையும் தொடக்கத்தில் சில நாள் தொடாமல் வைத்திருந்தார்கள். போன வாரம் என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கி, ஒரு பிரதியை நெறியாளரின் கோப்பில் வைத்தாயிற்று. அடுத்து அவரிடம் சேரப்போகும் பெண்ணுக்கு அந்தப் பிரதி தேவைப்படும்.