கொடுத்தோம் என்று எழுதலாமா

"இது எங்கள் காசுதானே?"

செப்டம்பர் மாதம், எங்கள் பேஸ்பால் அணியின் சொந்த மைதானத்தில் அந்த சீசனின் கடைசி வாரம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்புறம் புல் ஓரமாக வரிசையில் நின்றிருந்தோம். ஆளுயரத் தெர்மாகோல் செக்கின் ஒரு முனை என் கையில், மறுமுனை அந்த அம்மாவின் கையில். போட்டோகிராபர் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்த அரை நிமிடத்தில், முகத்தில் இருந்த சிரிப்பு கலையாமலே என்னிடம் இதைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. செக்கைப் பிடித்திருந்த வலது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். சில பழசாகிக் கறுத்திருந்தன. ஒன்று மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது.

"பிள்ளைகளுக்குத்தானே போகிறது" என்றேன். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. அதற்குள் படம் எடுத்தாகிவிட்டது.

அந்த அணியின் சமூகப் பணிப் பிரிவில் எனக்கு அது ஏழாவது வருடம். அந்த அம்மா ஒரு அரசுப் பள்ளி பேண்ட் வாத்தியக் குழுவின் பெற்றோர் சங்கத்தைச் சேர்ந்தவர். அமெரிக்க ஸ்டேடியங்களில் இப்படி ஓர் ஏற்பாடு வெகு காலமாக உண்டு. சாப்பாட்டுக் கவுண்டர்களில் சிலவற்றைப் பள்ளிப் பெற்றோர், சர்ச் குழுக்கள், சிறுவர் விளையாட்டுக் கிளப்புகள் எடுத்து நடத்துவார்கள். நிற்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. விற்பனையில் ஒரு பங்கு கமிஷனாக அவர்களுடைய அமைப்புக்குப் போகும். பேண்ட் பிள்ளைகளின் சீருடை, பழுதான டிரம்பெட், வெளியூர்ப் போட்டிக்கு பஸ், எல்லாம் அதிலிருந்துதான்.

ஒரு சீசனில் சொந்த மைதானத்தில் 81 ஆட்டங்கள். இவர்கள் குழு அதில் இருபதுக்கு மேல் எடுத்திருந்தது. அலுவலக வேலையை முடித்துவிட்டு நேரே வருவார்கள். எண்ணெய் காய வேண்டும், பன் அடுக்க வேண்டும். பியர் விற்பதற்குத் தனியாக ஒரு வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஃப்ரையரைத் தேய்த்துக் கழுவி, மிச்சச் சரக்கை எண்ணி ஒப்படைக்க வேண்டும். காலிக் கப்பைக்கூட எண்ணுவார்கள், ஏனென்றால் எத்தனை பியர் போனது என்பதற்குக் கப்தான் கணக்கு. இரவு பதினொன்றரைக்கு அந்த அம்மா தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கப்புகளை ஐம்பது ஐம்பதாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, "ரொம்ப நன்றி, உங்களால்தான் இதெல்லாம் நடக்கிறது" என்று சொல்லியும் இருக்கிறேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

சிக்கல் அந்த வருட அறிக்கையில் வந்தது. இந்த ஆண்டு சமூகத்துக்கு வழங்கியது என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை போடுவோம். அந்தத் தொகையைக் கூட்டிச் சேர்ப்பது என் வேலை. அணியின் அறக்கட்டளை கொடுத்த மானியங்கள் அதில் உண்டு. ஆட்டத்தன்று நடக்கும் ஃபிஃப்டி-ஃபிஃப்டி குலுக்கலில் பாதி ஜெயித்தவருக்கு, பாதி அறக்கட்டளைக்கு; அந்தப் பாதியும் உண்டு. வீரர்கள் கையெழுத்துப் போட்ட பேட்டும் ஜெர்சியும் ஏலம் போன பணம் உண்டு. பள்ளிகளுக்குக் கொடுத்த இலவச டிக்கெட்டுகள் உண்டு. பெரும்பாலும் ஏப்ரல் மாதக் குளிரில், வார நாளில், விற்காமல் கிடந்த மேல் அடுக்கு இருக்கைகள் அவை; ஆனால் கணக்கில் டிக்கெட்டில் அச்சிட்ட விலைதான் ஏறும். இவற்றோடு, கவுண்டரில் நின்ற குழுக்களுக்குப் போன கமிஷனும்.

ஆறு வருடங்களாக அந்தக் கடைசி வரியை நானே என் கையால் சேர்த்திருக்கிறேன். ஒரு முறைகூட உறுத்தியதில்லை. செக் எழுதுவதும் அப்படித்தான். சீசன் முடிவில் மொத்தக் கமிஷனையும் ஒரே தொகையாக எழுதி, வழங்குபவர் என்ற இடத்தில் அணியின் பெயரைப் போட்டு, மைதானத்தில் வைத்துக் கொடுப்போம். ஸ்கோர்போர்டில் படம் வரும், கூட்டம் கைதட்டும். அவர்களுக்கு அது ஒரு மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர்க் கோயில் அன்னதானத்தில் மைக்கில் வாசிக்கும் பெயர்கள் ஞாபகம் வந்தன. அரிசி மூட்டை இன்னார், எண்ணெய் டின் இன்னார். அடுப்படியில் விடியற்காலையிலிருந்து கரண்டி பிடித்தவர்கள் பெயரை யாரும் வாசித்ததில்லை. ஆனால் அங்கே ஒரு விஷயம் உண்டு. கரண்டி பிடித்தவர்களின் உழைப்பை அரிசி கொடுத்தவர் தன் கணக்கில் எழுதிக்கொள்ள மாட்டார்.

எங்கள் அலுவலகச் சுவரில் பழைய பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளெமென்டேயின் படம் இருக்கிறது. அநேகமாக எல்லா அணிகளின் சமூகப் பணிப் பிரிவிலும் இருக்கும். சமூக சேவைக்காக லீக் கொடுக்கும் விருது அவர் பெயரில்தான். ஒவ்வொரு அணியும் ஒரு வீரரைப் பரிந்துரைக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதுவதும் எங்கள் வேலை. அதனால் அவர் கதை எனக்கு மனப்பாடம். 1972 செப்டம்பர் 30-ல் 3,000-வது ஹிட். டிசம்பர் 23-ல் நிகரகுவாவின் மனாகுவா நகரத்தை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அவர் திரட்டி அனுப்பிய பொருள்கள் அங்கே அதிகாரத்தில் இருந்தவர்களிடம் சிக்கிக்கொள்கின்றன, கஷ்டப்படுகிறவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று செய்தி வந்தது. நானே வருகிறேன் என்று டிசம்பர் 31 இரவு விமானம் ஏறினார். பழைய டிசி-7, அளவுக்கு மீறிய சுமை. சான் ஹுவானில் கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. வயது 38. உடல் கிடைக்கவில்லை.

வருடா வருடம் இதைப் பரிந்துரைக் கடிதத்தின் முதல் பத்தியில் எழுதுகிறேன். அந்த செப்டம்பருக்கு அப்புறம்தான் ஒன்று பிடிபட்டது. கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் இருப்பவர்கள் மேல் நம்பிக்கை இல்லாமல்தான் அவர் விமானம் ஏறினார். நான் இருக்கும் இடம் அந்த நடுவிடம்தான். ஒப்பிடுவது அதிகப்படி என்று எனக்குத் தெரியும். நாங்கள் யாருடைய மருந்துப் பெட்டியையும் மறிக்கவில்லை. பணம் ஒரு சென்ட் குறையாமல் பேண்ட் குழுவின் வங்கிக் கணக்குக்குப் போனது. தவறு நடந்தது என்று சொன்னால் எங்கே என்று காட்டக்கூட முடியாது. ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது, அவ்வளவுதான். கொடுத்தோம்.

மேலாளரிடம் கேட்டேன். "ஸ்டேடியம் நம்முடையது, கவுண்டர் நாம் திறந்துவிட்டது, வாய்ப்பு நாம் கொடுத்தது. நாம் இல்லையென்றால் அவர்களுக்கு இந்தப் பணம் உண்டா?" என்றார். அது உண்மை. பேண்ட் குழு அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் மிட்டாய் விற்றுக்கொண்டிருந்தது. இங்கே மூன்று ஆட்டத்தில் வருவது அங்கே ஒரு வருடத்தில் வராது. அந்த அம்மாவே என்னிடம் சொன்ன விவரம் இது. முதல் வருடம் அவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தது நான். அதை நினைத்து இன்றும் சந்தோஷப்படுகிறேன்.

சரி என்று வந்து உட்கார்ந்தேன். அப்புறம் ஏன் அதைச் செய்தேனோ, வருகைப் பட்டியலின் பின்பக்கத்தில் அந்தத் தொகையை ஆட்களின் எண்ணிக்கையாலும் நின்ற மணி நேரத்தாலும் வகுத்துப் பார்த்தேன். பக்கத்துக் கவுண்டரில் சம்பளத்துக்கு நிற்பவருக்கு ஒரு மணிக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக வந்தது. தாளை மடித்து டிராயரில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அறிக்கையில் அந்த வரியை எடுக்கவில்லை. எடுத்தால் போன வருடத்தைவிடத் தொகை குறையும், ஏன் குறைந்தது என்று மேலே கேட்பார்கள், அடுத்த வருட மானியங்களில் கை வைப்பார்கள். அந்த மானியங்களில் ஒன்று ஊனமுற்ற குழந்தைகள் விளையாட ரப்பர் தளம் போட்ட மைதானத்துக்கு. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது காரணமா சாக்கா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை தன்னார்வலர்கள் உழைத்து ஈட்டியது என்று அடியில் ஒரு குறிப்பு மட்டும் எழுதினேன். வடிவமைப்பில் இடம் போதாமல் அது போய்விட்டது. அச்சுக்குப் போகும் முன் என்னிடம் பார்க்கக் கொடுத்தார்கள். குறிப்பு இல்லை என்பதைக் கவனித்தேன். ஒப்புதல் கையெழுத்துப் போட்டேன்.

பாஸ்டன் அணியின் பெரிய நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ், ஜிம்மி ஃபண்ட் என்ற புற்றுநோய் நிதி உதவும் குழந்தைகளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பத்திரிகைக்காரர்கள் கூட வரவே கூடாது என்பாராம். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மரியாதையும் வருகிறது, சின்ன எரிச்சலும் வருகிறது. அவர் டெட் வில்லியம்ஸ். படம் இல்லாமல் நான் நடத்தும் நிகழ்ச்சிக்கு அடுத்த வருடம் ஸ்பான்சர் கிடைக்க மாட்டார். ஆனால் நான் படத்தைப் பற்றியா கவலைப்பட்டேன்? அந்த அம்மாவும் படத்தைப் பற்றிக் கேட்கவில்லையே.

அவரிடம் திரும்பப் போய்ப் பேசியிருக்க வேண்டும். ஆமாம், அது உங்கள் காசுதான் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். குளிர்காலம் முழுக்க அவருடைய எண் என் போனில் இருந்தது.

இந்த மார்ச் மாதம் புது சீசனுக்கான பயிற்சிக்கு வந்திருந்தார். கையில் முழங்கை வரை வரும் உறை, சொந்தக் காசில் வாங்கியது. குழுவுக்கு இந்த முறை இருபத்தைந்து ஆட்டம் கேட்டார். பதிவு செய்து கொடுத்தேன். கிளம்பும்போது நின்று, "போன வருட செக்கை பிள்ளைகள் பேண்ட் அறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது அவ்வளவு பிடித்திருக்கிறது. இந்த வருடமும் உண்டல்லவா?" என்று கேட்டார்.

உண்டு என்றேன். அந்தக் கேள்வியை மறந்துவிட்டாரா, இல்லை அவரும் என்னைப் போலக் கடந்துவிட்டாரா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செக் அடிக்கிற கடையின் படிவம் போன வாரம் வந்தது. பெறுபவர், தேதி, அளவு எல்லாம் நிரப்பிவிட்டேன். வழங்குபவர் என்ற கட்டத்தில் பெற்றோர் சங்கத்தின் பெயரைத் தட்டச்சு செய்து பார்த்தேன். தாங்களே தங்களுக்குக் கொடுத்துக்கொள்வதுபோல இருந்தது. அழித்தேன். அணியின் பெயரைப் போட்டுவிட்டு அதையும் அழித்தேன். படிவத்தை ஆகஸ்ட் கடைசிக்குள் அனுப்பினால் போதும்.