மதிய இடைவேளையில் ஒற்றை வயலின்

பிப்ரவரி 10, திங்கள்

லண்டன் பிக்கடிலியில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தில் புதன் மதியம் 1.10-க்குத் தனி வயலின் கச்சேரி. முழுக்க பரோக், அதாவது சுமார் 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசை. அனுமதி இலவசம், விருப்பப்பட்டால் நன்கொடை. இசையமைப்பாளர்கள் டெலிமான், பீபர், பாக் என்று போட்டிருக்கிறார்கள். பீபரின் பாஸாகாலியாவை, அதாவது திரும்பத் திரும்ப வரும் ஓர் ஆதாரத்தின்மேல் எழுப்பிய உருப்படியை, நான் நேரில் கேட்டதில்லை. அன்றைய மதிய மீட்டிங்கை மூன்று மணிக்குத் தள்ளியாயிற்று.

பிப்ரவரி 12, புதன்

ஓய்வுபெற்றவர்கள், இசை மாணவர்கள், குளிருக்கு ஒதுங்கியவர்கள், என்னைப்போல் ஆபீஸிலிருந்து நழுவியவர்கள். டிக்கெட் கிடையாது என்றால் இப்படி ஒரு கலவை சேரும். கிறிஸ்டோபர் ரென் கட்டிய இடம், 1684-இல் திறந்தது.

வாசித்தவர் இளம்பெண். வயலினில் தாடையை ஊன்றும் தாடைக்கட்டை இல்லை. அது 1820 வாக்கில்தான் வந்தது. ஆட்டுக்குடல் தந்திகள், சுருதி இன்றைய வழக்கத்தைவிட அரைக்கட்டை கீழே. குடல் தந்திக்கு ஈரக்காற்று ஆகாது, அதனால் ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் சுருதி சேர்த்தார். சபாக்களில் பழகிய காதுக்கு அது தொந்தரவே இல்லை.

டெலிமான் கலகலப்பு, சீக்கிரம் முடிந்தது.

அப்புறம் பீபர். இறங்கும் நான்கு சுரங்கள்தான் மொத்த உருப்படிக்கும் ஆதாரம். ச நி த ப என்று பாடிப் பாருங்கள், கைசிகி நிஷாதம், சுத்த தைவதத்தோடு. அந்த நான்கும் 65 முறை வருகின்றன. பக்கவாத்தியம் கிடையாது, ஆதாரமும் அவரே, அதன்மேல் ஓடும் சங்கதிகளும் அவரே. சில இடங்களில் அந்த நான்கும் மேல் ஸ்தாயிக்கு ஏறிவிடுகின்றன. சில இடங்களில் வேகமான பிருகாக்களுக்குள் ஒளிந்துகொள்கின்றன. எங்கே என்று காது தேடிக்கொண்டே இருக்கிறது.

கடைசியாக பாக்கின் ஷகோன், ஏறக்குறைய கால் மணி நேரம். பெரிய படைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் திரும்பத் திரும்ப வரும் ஆதாரத்தின்மேல் எழுப்பியதே. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது நிரல் போட்டவரின் பிழை என்பேன். பீபரே இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

பாஸாகாலியா 1676 வாக்கில் சால்ஸ்பர்க்கில் எழுதியது. ஜெபமாலை மறைபொருள்களுக்கான (ஜெபமாலையில் தியானிக்கும் ஏசு, மரியாள் வாழ்க்கை நிகழ்வுகள்) 15 சொனாட்டாக்களின், அதாவது வாத்திய உருப்படிகளின், முடிவில் வருகிறது. கையெழுத்துப் பிரதியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பாஸாகாலியாவுக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் காவல் தூதர். அச்சேறியது 1905-இல். பாக் 1720-இல் எழுதி முடித்த ஷகோன் 1802-இல்தான் அச்சானது. டெலிமான் மட்டும் 1735-இல் ஃபேன்டசியாக்கள் என்ற தன் தனி வயலின் உருப்படிகளைத் தானே வெளியிட்டார். கெட்டிக்காரர்!

பிப்ரவரி 15, சனி

நவீன வயலினில் ஒருவர் பாஸாகாலியா வாசித்த பதிவைப் போட்டேன். கீழ்த்தந்தி ரொம்ப வழவழப்பு. குடல் தந்தியில் வில் பட்டதும் வரும் அந்தச் சொரசொரப்பு இதில் இல்லை.

போனில் அம்மாவுக்கும் கேட்கவைத்தேன். "இது நிரவல்தானேடா? நாலு சுரத்தை விட்டு நகரவே மாட்டேங்கிறாரே" என்றாள். நிரவலில் சாகித்யம் வேண்டுமே, ஒரு பாட்டு வரியைத்தானே விதவிதமாகப் பாடுவது என்றேன். "அது கிடக்கட்டும், மறுபடி போடு" என்றாள்.